ஆன்லைனில் எம்.எஸ்சி. சைக்காலஜி படிக்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: பி.எஸ்சி. உளவியல் கடைசி வருடம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்க வழியில்லை. ஒரு நிறுவனம் ஆன்லைனில் எம்.எஸ்சி. சைக்காலஜி தருவதாக விளம்பரம் பார்த்தீர்கள். சேரலாமா, அந்தப் பட்டம் செல்லுமா, முடித்ததும் சொந்த ஊரிலேயே ஆலோசனை மையம் வைக்கலாமா? பட்டம் செல்லுமா என்பதும், அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதருக்கு உதவ முடியுமா என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். விளம்பரக்காரர்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதுக்கும் சொல்லிவிட்டதாக நம்மை நினைக்க வைப்பார்கள். நான் சில காலம் மருத்துவமனை மனநலப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்குச் சோதனைகளும் ஆலோசனைப் பயிற்சியும் சொல்லித்தருகிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன். விதிமுறைகளைப் பொறுத்தவரை அந்தந்த அமைப்பு வெளியிடும் அறிவிப்புதான் முடிவு, நான் சொல்வது அல்ல.

முதலில், சந்தேகமே இல்லாத விஷயம். இந்தியாவில் உளவியல் பட்டப்படிப்பை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2025இல் முடிவெடுத்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலை-ஆகஸ்ட் கல்விப் பருவத்திலிருந்து புதிய சேர்க்கை கிடையாது. உளவியலோடு மைக்ரோபயாலஜி, உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், பயோடெக்னாலஜி போன்ற பாடங்களும் அதில் சேர்ந்தன. சுகாதாரத் துறை சார்ந்த தொழில்களை ஒழுங்குபடுத்த 2021இல் வந்த என்.சி.ஏ.எச்.பி. சட்டம்தான் காரணம். மருத்துவர், செவிலியர் தவிர்த்து நோயாளியோடு நேரடியாக வேலை செய்யும் பலரை அந்தச் சட்டம் ஒரே ஆணையத்தின் கீழ் கொண்டுவருகிறது. அந்தப் பட்டியலில் உளவியலாளரும் இருக்கிறார். பிசியோதெரபியைக் கரஸ்ஸில் படிக்க யாரும் சம்மதிக்க மாட்டோம் இல்லையா, உளவியலையும் அந்த வரிசையில் வைத்துவிட்டார்கள். ஒரே பி.ஏ. பட்டத்தில் ஆங்கிலம், பொருளாதாரம், உளவியல் என்று பல பிரிவுகளை வைத்து நடத்தும் இடங்களிலும் உளவியலை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள்.

ஆகவே, இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைச் சொல்லி "ஆன்லைன் எம்.எஸ்சி. சைக்காலஜி, இந்த ஆண்டு சேர்க்கை" என்று இப்போது ஒரு விளம்பரம் வந்தால், பணம் கட்டுவதற்கு முன் யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தைத் திறந்து பாருங்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பை, எந்தப் பருவத்தில் நடத்தலாம் என்ற பட்டியல் அங்கே இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் படிப்பில் சேர மாணவர் தானே டெப் ஐ.டி. என்ற அடையாள எண் ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்ற நடைமுறையும் வந்துவிட்டது. "அதெல்லாம் வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம், முதல் தவணையை இன்றைக்குக் கட்டுங்கள்" என்று போனில் அவசரப்படுத்தினால் அந்த இடம் வேண்டாம். "சர்வதேச அங்கீகாரம்", "வாழ்நாள் முழுக்கச் செல்லும் சான்றிதழ்" என்பதற்கெல்லாம் இங்கே எந்தச் சட்ட மதிப்பும் இல்லை.

உங்கள் சீனியர்களில் சிலர் இக்னோவில், அதாவது இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், எம்.ஏ. சைக்காலஜி முடித்திருப்பார்கள், அவர்களைப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்திருக்கும். தடைக்கு முன் முறையாக அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் படிப்பில் சேர்ந்து முடித்தவர்களின் பட்டம் செல்லும். ரெகுலர் பட்டத்துக்கு இணையாகவே அதைக் கருத வேண்டும் என்று யு.ஜி.சி. விதியும் இருக்கிறது. 55 சதவீத மதிப்பெண் இருந்தால், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 இருந்தால், நெட் தேர்வு எழுதலாம். அப்படிப் படித்துப் பேராசிரியரானவர்களும் உண்டு. உறுதியாகச் சொல்ல முடியாத இடம் ஒன்றுதான். புதிய சட்டத்தின்படி உளவியலாளர்களைப் பதிவு செய்யும் வேலை முழுதாக நடக்கும்போது பழைய தொலைநிலைப் பட்டதாரிகளிடம் கூடுதலாக என்ன கேட்பார்கள் என்பதற்கு இன்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஏற்கெனவே சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் உங்கள் தோழி பயப்பட வேண்டாம், முடிக்கட்டும். ஆனால் செய்முறைப் பதிவேடு, இன்டர்ன்ஷிப் சான்றிதழ், மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட தாள் என்று ஒன்றையும் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது, மாணவர்கள் அதிகமாக ஏமாறும் இடம். எம்.எஸ்சி. முடித்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ரெகுலரில் படித்தாலும் அது நடக்காது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த படிப்பை அங்கீகரித்த நிறுவனத்தில் முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏறி, சி.ஆர்.ஆர். என்ற பதிவு எண் கிடைத்திருக்க வேண்டும். பதிவில்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் 1992ஆம் ஆண்டு ஆர்.சி.ஐ. சட்டத்தில் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடம் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்பதை ஆர்.சி.ஐ. அங்கீகாரத்தை வைத்தே வரையறுக்கிறது. முதுகலைக்குப் பிறகு எம்.ஃபில். முடித்தவர் என்றால் அது இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பாக, மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சியோடு இருந்திருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். முழுநேரம், மேற்பார்வை என்ற இரண்டு நிபந்தனைகளும் இருக்கும்போது ஆன்லைனுக்கு அதில் இடமே இல்லை.

இத்தனை காலம் அந்த வாசல் எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜியாக இருந்தது. மத்திய அரசின் மனநல நிறுவனமான பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னை முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள நீப்மெட் போன்ற இடங்களில் நடந்தது. இடங்கள் மிகக் குறைவு, போட்டி கடுமை. 2022இல் யு.ஜி.சி. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. பிறகு இந்தப் படிப்புக்கும் மனநல சமூகப் பணி எம்.ஃபில். படிப்புக்கும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. இதற்கிடையே ஆர்.சி.ஐ. தன் படிப்புகளைத் திருத்தி அமைத்திருக்கிறது. இரண்டு ஆண்டு எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி, சை.டி. என்ற தொழில்முறை முனைவர் படிப்பு என்று புதிய வழிகள் வந்துகொண்டிருக்கின்றன. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பட்டத்தின் பெயரிலேயே "கிளினிக்கல் சைக்காலஜி" என்று இருந்தாலும் ஆர்.சி.ஐ. அனுமதி இல்லாத முதுகலைப் படிப்புகள் பல கல்லூரிகளில் நடக்கின்றன. படிப்பு மோசம் என்று சொல்லவில்லை. அதில் சிலவற்றில் அருமையான ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் முடித்தால் சி.ஆர்.ஆர். எண் வராது. சேர்க்கைக் கவுன்ட்டரில் கேட்க வேண்டிய கேள்வி "இது ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற்றதா, அனுமதிக் கடிதம் எந்த ஆண்டு வரைக்கும்?" என்பதுதான். மழுப்பினால் அங்கீகாரம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, சட்டம் சொல்கிறது என்பதற்காக மட்டும்தானா நேரில் படிக்க வேண்டும்? என் பதில் அது இல்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். செகுயின் ஃபார்ம் போர்டு என்று ஒரு பழைய சோதனை. ஒரு பலகையில் பத்துக் குழிகள். நட்சத்திரம், வட்டம், சிலுவை என்று வெவ்வேறு வடிவத்தில் பத்து மரக்கட்டைகள். கட்டைகளை எடுத்து அடுக்கி வைத்துவிட்டு, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அதனதன் குழியில் வை என்று குழந்தையிடம் சொல்ல வேண்டும். மூன்று முறை செய்ய வைத்து, அதில் மிகக் குறைந்த நேரத்தைக் கணக்கில் எடுப்போம். இதை வீடியோவில் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நேரத்தை அட்டவணையில் பார்த்து மனவயது, அதாவது எந்த வயதுக் குழந்தையின் திறன் இருக்கிறது என்று எழுதுவது இன்னும் சுலபம்.

ஆனால் புதிதாக வரும் மாணவி என்ன செய்கிறாள் தெரியுமா? ஸ்டாப்வாட்சைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறாள். குழந்தை கட்டையைப் பார்க்காமல் வாட்சையே பார்க்கிறது. அப்புறம், நேரம் ஓடுகிறதே என்ற பதற்றத்தில் எண்ணைத் தவிர வேறு எதையும் அவள் கவனிப்பதில்லை. ஒரு குழந்தை சிலுவைக் கட்டையை நட்சத்திரக் குழியில் அழுத்தி அழுத்திப் பார்க்கும். இன்னொரு குழந்தை கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கும், அம்மா கண்ணைக் காட்டினால்தான் வைக்கும். இரண்டு பேருக்கும் ஒரே நேரம் வரலாம், அட்டவணையில் ஒரே மனவயதும் வரலாம். ஆனால் முதல் குழந்தைக்கும் இரண்டாவது குழந்தைக்கும் செய்ய வேண்டிய உதவி வேறு. பக்கத்தில் ஒரு மூத்தவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முடிந்ததும் "அந்தப் பையன் யாரைப் பார்த்தான், கவனித்தாயா?" என்று கேட்கும்போதுதான் மாணவிக்கு அது உறைக்கும். இந்தப் படிப்பின் விலையே அந்தக் கேள்விக்குத்தான். நல்ல எம்.எஸ்சி. வகுப்பில் சேர்ந்தால் உங்களுக்குக் கிடைப்பது பக்கத்தில் உட்கார்ந்து உங்களைப் பார்க்கும் ஒரு மனிதர். அவர் இல்லாத ரெகுலர் கல்லூரியும் ஆன்லைன் கல்லூரி மாதிரிதான். வருகைப் பதிவேடு மட்டும் கூடுதல்.

இதற்கு ஒரு எதிர்க்கேள்வி உண்டு, வகுப்பிலும் கேட்பார்கள். இப்போது ஆலோசனையே ஆன்லைனில் நடக்கிறது, டெலிமானஸ் என்று 14416 எண்ணில் அரசே போனில் உதவி தருகிறது, படிப்பு மட்டும் ஏன் ஆன்லைனில் கூடாது? நியாயமான கேள்வி. போனில் குரலை மட்டும் வைத்து ஒருவரின் நிலையைப் புரிந்துகொள்வது நேரில் புரிந்துகொள்வதைவிடக் கடினம். எதிரில் இருப்பவர் பேசாமல் இருக்கும்போது, அவர் யோசிக்கிறாரா, அழுகிறாரா, எழுந்து போகப் பார்க்கிறாரா என்பது நேரில் தெரியும். அதைப் பலமுறை நேரில் பார்த்துப் பழகியவருக்குத்தான் போனில் வரும் மௌனத்தைத் தாங்கிக் காத்திருக்க முடியும். பழகாதவர் அந்த மௌனத்தைப் பார்த்துப் பயந்துபோய் உடனே அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுவார். அதே நேரம், ஆன்லைன் மேற்பார்வை பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். நேரில் அடிப்படை கற்ற ஒருவர், தன் ஆலோசனை அமர்வைப் பதிவு செய்து, உரியவரின் சம்மதத்தோடு தொலைவில் இருக்கும் மூத்தவரிடம் காட்டிக் கற்பது நன்றாகவே நடக்கிறது. முதல் அடிப்படையையும் முழுக்க அப்படியே கற்க முடியுமா என்பதில் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. முடியாது என்பது என் கருத்து, நிரூபிக்கப்பட்ட முடிவு என்று அதைச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

ஆன்லைனில் நன்றாகக் கற்கக்கூடியவையும் நிறைய இருக்கின்றன. புள்ளியியல், ஆய்வு முறைகள், ஆளுமைக் கோட்பாடுகள், சமூக உளவியல் இவற்றையெல்லாம் மத்திய அரசின் ஸ்வயம் இணையத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். தேர்வுக்கு மட்டும் சிறு கட்டணம் இருக்கும். ரெகுலர் பட்டத்தில் சேர்ந்தவர்கள் தங்கள் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக முடிக்கப் பல்கலைக்கழகம் அனுமதிக்கலாம் என்றே விதி இருக்கிறது. புள்ளியியலைக் கண்டு ஓடும் மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன், வகுப்பில் கேட்கக் கூச்சப்படும் இடத்தை நான்கு முறை திருப்பிப் போட்டுக் கேட்கலாம். அதேபோல், நீங்கள் போக நினைப்பது மனிதவளத் துறை என்றால் கதையே வேறு. அங்கே எம்.பி.ஏ.யையோ மனிதவள மேலாண்மைப் படிப்பையோ அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் படிப்பது முறையான வழிதான், யாருடைய மனநலமும் அதில் பணயம் இல்லை.

வெளிநாட்டு ஆன்லைன் பட்டம் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அமெரிக்க உளவியல் சங்கம் முழுக்க ஆன்லைனில் நடக்கும் முனைவர் படிப்புகளை அங்கீகரிப்பதில்லை. பிரிட்டனில் ஆன்லைன் எம்.எஸ்சி. சிலவற்றுக்குப் பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் வேறு பாடம் படித்துவிட்டு உளவியலுக்கு வருபவர்களுக்கான மாற்றுப் படிப்புகள். அதை முடித்தால் அங்கேகூடச் சிகிச்சை செய்யும் உரிமை வராது, அதற்குத் தனிப் பயிற்சியும் பதிவும் வேண்டும். பி.எஸ்சி. உளவியல் ஏற்கெனவே கையில் இருக்கும் உங்களுக்கு லட்சக்கணக்கில் செலவழித்து அதைப் படிப்பதால் என்ன கிடைக்கும் என்று எனக்குப் புரியவில்லை. எந்த வெளிநாட்டுப் பட்டமானாலும் இங்கே இணைத்தன்மை கிடைக்குமா என்று யு.ஜி.சி.யிடம் கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும்.

இத்தனை சொன்னாலும், வாசல் மூடப்பட்டது யாரைப் பாதித்தது என்பது எனக்குத் தெரியும். கல்யாணமாகிக் குழந்தை வளர்த்துக்கொண்டே படித்தவர்கள், பள்ளிக்கூட வேலையை விடாமல் ஆலோசகராக விரும்பிய ஆசிரியைகள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், உங்களைப் போல வீட்டை விட்டு நகர முடியாதவர்கள். அவர்களுக்குக் கரஸ் ஒன்றுதான் வழியாக இருந்தது. முதுகலை உளவியல் நடத்தும் அரசுக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் கொஞ்சம்தான். பயிற்சி தேவை என்று விதி போட்டது சரி. மாவட்டத்துக்கு ஒரு இடமாவது திறந்துவிட்டு அதைப் போட்டிருக்கலாம் என்பது என் வருத்தம்.

இனி உங்கள் விஷயம். பணம்தான் பெரிய தடை என்றால் முதலில் பல்கலைக்கழகத் துறைகளையும் அரசுக் கல்லூரிகளையும் பாருங்கள். சென்னை, பாரதியார், பெரியார், அண்ணாமலைப் பல்கலைக்கழகங்களில் உளவியல் துறை இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியிலும் இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் பயன்பாட்டு உளவியல் எம்.எஸ்சி. நடக்கிறது. இரண்டுக்கும் க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் கட்டணம் குறைவு. தேர்வு அறிவிப்பு கடைசி செமஸ்டர் முடியும் முன்பே வந்துவிடும், ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்து தவறவிடுகிறவர்கள் ஏராளம். பணம் அல்ல, அப்பாவைப் பார்த்துக்கொள்வதுதான் தடை என்றால், பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கும் கல்லூரியை, அதன் பெயர் பெரிதாக இல்லாவிட்டாலும், ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். அங்கே அலுவலகத்தில் கேட்காமல் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள்: சோதனைப் பெட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா, இல்லை கண்ணாடி அலமாரிக்குள்தான் இருக்கின்றனவா? இன்டர்ன்ஷிப்புக்கு எந்த மருத்துவமனை, அங்கே யார் மேற்பார்வை? நீங்கள் எழுதிய கேஸ் ஹிஸ்டரியைக் கடைசியாக ஆசிரியர் எப்போது திருத்திக் கொடுத்தார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் வேறு கல்லூரி தேடலாம்.

ஒரு வருடம் வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்றாலும் குடி முழுகிவிடாது. அந்த வருடத்தில் யாரிடமும் எம்.எஸ்சி. என்ற பெயரில் பணம் கட்டாதீர்கள். ஸ்வயத்தில் இரண்டு பாடம் படியுங்கள். பக்கத்துச் சிறப்புப் பள்ளியிலோ முதியோர் இல்லத்திலோ வாரம் இரண்டு நாள் போய் உதவுங்கள், சிகிச்சை செய்பவராக அல்ல, கூட இருப்பவராக. சென்னைக்குப் பக்கம் என்றால் 1986 முதல் நடக்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் தன்னார்வலர்களுக்குக் காது கொடுத்துக் கேட்கப் பயிற்சி தருகிறது, உளவியல் பட்டம் அங்கே நிபந்தனை இல்லை. மூன்று மாத ஆன்லைன் ஆலோசனைச் சான்றிதழ்களைத் தெரிந்துகொள்ளும் ஆர்வத்துக்காகப் படிப்பதில் தவறில்லை, அதை வைத்துப் பலகை மாட்டாதீர்கள். உங்கள் பி.எஸ்சி. பட்டத்தை வைத்தும் இப்போதைக்கு மாட்டாதீர்கள். ஊரில் நாலு பேர் "நீதான் சைக்காலஜி படித்திருக்கிறாயே" என்று தூக்கம் வராததையும் குடும்பச் சண்டையையும் கொண்டுவருவார்கள். கேளுங்கள், மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வழிகாட்டுங்கள், 14416ஐ எழுதிக் கொடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்.

எந்த மாவட்டம், இதுவரை எவ்வளவு சதவீதம், அரியர் ஏதும் இருக்கிறதா, அப்பாவுடன் பகலில் இருக்க வேறு ஆள் உண்டா என்பதை எழுதுங்கள். போய்வரும் தூரத்தில் எந்தெந்தத் துறைகளை முதலில் விசாரிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.